மண்டூகராயரின் பெரிய குளம்

அல்லிக் குளத்துக்குத் தலைவர் மண்டூகராயர் என்னும் தவளை. கல் மேல் ஏறி உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் லேசில் இறங்க மாட்டார். அவர் பேசி முடித்ததும் மீன்கள் எல்லாம் வாலால் தண்ணீரை மூன்று தடவை அடிக்க வேண்டும். அந்தக் குளத்தில் அதுதான் கைதட்டல்.

ஒருநாள் ராயர் குளத்தின் லட்சியத்தை அறிவித்தார். ஐந்து மழைக்காலத்துக்குள் குளம் இரண்டு மடங்கு ஆகிவிடுமாம். அவரவர் தங்கள் பக்கத்தை அகலப்படுத்த வேண்டுமாம். வால்கள் சடசடவென்று அடித்தன. நண்டுகளுக்கு ஒரே உற்சாகம். அன்றே கரையைக் குடைய ஆரம்பித்துவிட்டன, அசட்டுப் பிள்ளைகள்!

வரிச்சி என்கிற விரால் மீன் அந்தக் கரையோரம்தான் குஞ்சுகளை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் கரையில் ஓட்டை விழுந்தது. ஐந்தாறு குஞ்சுகள் வடியும் தண்ணீரின் இழுப்பில் கரைக்கு வெளியே வயல் பக்கம் போயே போய்விட்டன. வரிச்சி மிச்சக் குஞ்சுகளை அல்லிக் கொடிக்குள் தள்ளிவிட்டு, நேரே கூட்டத்துக்கு ஓடினாள்.

ராயர் பேசிக்கொண்டிருந்தார். வரிச்சி குறுக்கிட்டு விஷயத்தைச் சொன்னாள். ராயர் கொஞ்சமும் அசரவில்லை. நம் தண்ணீர் கரைக்கு அந்தப் பக்கமும் போய்விட்டதென்றால் குளம் வளர ஆரம்பித்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று விளக்கினார். அடடா என்று மீன்கள் எல்லாம் வாலைத் தூக்கின.

வரிச்சிக்கு ஆத்திரமாக வந்தது. “தலைவரே, தண்ணீர் முழுக்க வடிந்துபோனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?”

ராயர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: “எனக்கென்னம்மா? நாலு தாவு தாவினால் அடுத்த குளம்!”

தூக்கிய வால்கள் தூக்கியபடியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கீழே இறங்கின. நண்டுகள்தான் முதலில் கிளம்பின. வெட்கத்தோடு களிமண்ணை வாரி வாரிக் கரையில் அப்பின. மீன்கள் பாசியைக் கவ்விக் கொண்டுவந்து கொடுத்தன. பொழுது சாய்வதற்குள் ஓட்டை அடைபட்டது. போன குஞ்சுகள் போனவைதான்; மீதியாவது வரிச்சிக்கு மிஞ்சின.

ராயர் மறுநாளும் கல் மேல் ஏறிப் பேசினார். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க ஒருவரும் வரவில்லை.

பெரிய லட்சியம் பேசும் தலைவருக்குக் கைதட்டும் முன், அது தவறினால் நஷ்டம் அவருக்கா நமக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.