செயின் இறுகும் இடம்

மலையடிவாரத்துக் கஞ்சிமடத்தில் அன்று கஞ்சி தீய்ந்துபோனது.

மடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விடியும் முன் எழுந்து கஞ்சி காய்ச்சுவார்கள். டவுன் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய், நோயாளிகளுக்குத் துணையாக வந்து கிடப்பவர்களுக்கு ஊற்றுவார்கள். அதற்கு மேல் அங்கே பெரிய உபதேசம் எதுவும் கிடையாது.

அடுப்படிப் பொறுப்பு அருமைநாயகத்துடையது. தென்காசியில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். குரு சிவநேசர் அவரைவிட வயதில் இளையவர். அதனால் குரு அவரை 'அண்ணாச்சி' என்பார்; அவர் குருவைச் 'சாமி' என்பார்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அருமைநாயகம் வெறுங்கையோடு போய் நின்றார். ஒரு பெண் தூக்குவாளியை நீட்டியபடி, "இன்னைக்குக் கஞ்சி இல்லையாய்யா?" என்று கேட்டாள். இடுப்பில் இருந்த குழந்தையும் அவரையே பார்த்தது. திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டார்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் பேச்சிமுத்து. குடியை விடுவதற்காக மடத்துக்கு வந்தவன். மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். அவன் பிந்தித்தான் வருவான். அன்று அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து தூங்கிப்போனான்.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றார் அருமைநாயகம்.

பேச்சிமுத்து எதிர்த்துப் பேசவில்லை. "ஊருக்குப் போனா மறுபடி அந்தக் கடை வாசல்லதான் நிப்பேன், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அருமைநாயகம் விஷயத்தைக் குருவிடம் சொன்னார்.

"முடிவு பண்ணிட்டீங்களா அண்ணாச்சி?"

"பண்ணிட்டேன் சாமி. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். மாத்த மாட்டேன்."

"சரி. பஸ் ஏறுற இடம் வரைக்கும் நானே வண்டியில கொண்டு விடுதேன்," என்றார் குரு.

கொஞ்ச நேரம் கழித்து அருமைநாயகம் வெளியே வந்தார். பலாமரத்தடியில் மடத்தின் பழைய மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. குரு அதன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். செயின் கவரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்திருந்தார். கையில் ஸ்பேனர். மூக்கில் கிரீஸ்.

அருமைநாயகம் குனிந்து செயினை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"சாமி, இது செயினா, துணி காயப்போடுற கம்பியா?"

"ஒரு வாரமா கவர்ல அடிச்சு ஒரே சத்தம் அண்ணாச்சி. நல்லா இழுத்து வச்சிட்டேன். இனி சத்தமே வராது."

"சத்தம் வராது. செயின் அறுந்து வண்டியும் ஊர் போய்ச் சேராது. இங்க கொடுங்க."

ஸ்பேனரை ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு அருமைநாயகம் மண்டியிட்டார். பின்சக்கரத்து அச்சு நட்டைத் தளர்த்தினார். இரண்டு பக்கத்துத் திருகையும் ஒரே அளவாகத் திருப்பினார். சக்கரம் மயிரிழை முன்னால் நகர்ந்தது. செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். இப்போது அது விரலுக்கு இசைந்து ஏறி இறங்கியது.

"ஆச்சு," என்றார் குரு, எழுந்துகொண்டே.

"எங்க ஆச்சு? உக்காருங்க சாமி. ஒரு இடத்துல பாத்தாப் போதுமா? சக்கரத்தச் சுத்தணும்."

சக்கரத்தை மெல்லச் சுற்றினார். கொஞ்சம் சுற்றுவதும் செயினை ஆட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். ஓரிடத்தில் செயின் விறைத்துக்கொண்டது.

"இங்க பாருங்க. இந்த இடத்துல இறுகுது."

"அப்போ எந்த இடத்த வச்சு அளக்கணும்?"

"எங்க ரொம்ப இறுகுதோ, அங்க வச்சுத்தான்."

"மத்த இடமெல்லாம் தளர்ந்து போகுமே. சத்தம் போடாதா?"

"கொஞ்சம் போடத்தான் செய்யும்."

"இறுகுற அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துட்டா?"

அருமைநாயகம் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு கதை! எடுத்துட்டா செயின் எட்டுமா சாமி?"

குரு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நல்ல மாணவனுக்குரிய முகம்.

இறுகும் இடத்துக்குப் பொருத்தமாக அருமைநாயகம் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

"ஏறி உக்காருங்க சாமி."

"இன்னும் முடியலையா?"

"ஸ்டாண்டுல வச்சுப் பாத்தது வெறும் வண்டி. சுமை ஏறினா பின்பக்கம் அமுங்கும், செயின் இன்னும் இறுகும். ஆளை ஏத்தித்தான் பாக்கணும்."

குரு ஏறி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு திரும்பி அருமைநாயகத்தைப் பார்த்தார்.

"போறது ரெண்டு பேர்லா, அண்ணாச்சி?"

அருமைநாயகம் வாசல் பக்கம் பார்த்தார். பையோடு நின்றவனை அழைக்க அவருக்கு மனமில்லை. ஆனால் வேலையை அரைகுறையாக விடவும் மனமில்லை.

"ஏலே பேச்சி. வந்து பின்னால உக்காரு."

பேச்சிமுத்து வந்து உட்கார்ந்தான். வண்டி அமுங்கியது. அருமைநாயகம் குனிந்து செயினை இரண்டு விரலால் பிடித்தார்.

செயின் நடுங்கியது.

என்ஜின் ஓடவில்லை. காற்றும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்துக்கு நேராகப் பேச்சிமுத்துவின் கால் இருந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை அது ஆடிக்கொண்டிருந்தது. புறங்காலில் புதிதாக ஒரு தீக்கொப்புளம்.

"இது என்னலே?"

"கொப்பரைய நானே இறக்கிரலாம்னு பாத்தேன். கஞ்சி சிந்திட்டு."

"அதக் கேக்கல. ஏன் நடுங்குது?"

"குடிய நிறுத்துனதிலேருந்து இப்படித்தான் அண்ணாச்சி. ராத்திரி படுத்தா இன்னும் கூடும். விடியப் போறப்பத்தான் கொஞ்சம் அடங்கும். அப்போ கண்ணு சொக்கிரும்."

"மணி அடிக்குற நேரம் அதுதானேலே?"

"ஆமா. அதான் பிந்திப் போகுது. நேத்துப் பிந்தக் கூடாதுன்னு ராத்திரியே வந்து அடுப்படியில உக்காந்துட்டேன். நான்தான் முதல்ல பத்த வச்சேன்." அவன் கொப்புளத்தைக் குனிந்து பார்த்தான். "கடைசியில அங்கயே தூங்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, சாக்குச் சொல்லுதான்னு நினைப்பீங்க. எப்படியும் தாண்டிரணும்னுதான் வந்தேன் அண்ணாச்சி."

அருமைநாயகத்தின் விரல்களுக்கு நடுவில் செயின் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"செயின் சரியா இருக்கா அண்ணாச்சி?" என்று குரு கேட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல சாமி. இன்னும் கொஞ்சம் விடணும். இறங்குங்க."

இருவரும் இறங்கினார்கள். அருமைநாயகம் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். இரண்டு பக்கத்துத் திருகையும் மறுபடி ஒரே அளவாகத் திருப்பினார். அச்சு நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினார். கவரை மாட்டினார். கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார்.

"புறப்படலாமா?" என்று குரு கேட்டார்.

அருமைநாயகம் எழுந்து போய்ப் பேச்சிமுத்துவின் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"காலுக்கு மருந்து போடு. இனி சாயங்கால வேலைக்கு வா. அரிசி களையுறது, விறகு பிளக்குறது எல்லாம் உன் பொறுப்பு. ஒரு நாள் தவறினாலும் விட மாட்டேன். விடியக்காலை அடுப்பை நான் பாத்துக்கிடுதேன்."

பேச்சிமுத்து குருவைப் பார்த்தான். குரு முகத்திலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் கெந்திக் கெந்தி உள்ளே போனான்.

அவன் போன பிறகு அருமைநாயகம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சாமி, இவனுக்கு மட்டும் தளர்த்திட்டோம்னு மத்தவங்க சத்தம் போடுவாங்களே?"

குரு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். பின்சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிவிட்டார். அது சுற்றி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் போடத்தான் செய்யும்," என்றார்.