சராசரிப் பிள்ளை

முன்னொரு காலத்தில், வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஒரு நாட்டில், கேட்டதை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய சபையில் விகடகவி வெண்காடன். மடைப்பள்ளி அதிகாரி பெருநம்பிக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் ஆறு பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுக்குக் காலை உணவு மடைப்பள்ளியிலிருந்து போகும். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுகிறார்களா என்று ஒருநாள் ராஜா கேட்டார்.

"சராசரிப் பிள்ளை தினமும் ஐந்து ஆப்பம் உண்கிறான், அரசே" என்றார் பெருநம்பி.

ராஜா அதை ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். ஐந்து ஆப்பம் சாப்பிடும் அந்தச் சராசரிப் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டார். அரசரைத் திருத்த யாருக்குத் துணிச்சல் வரும்? பெருநம்பியோ சந்தர்ப்பத்தை விடவில்லை. பிள்ளைகளோடு பழகுகிறவன் வெண்காடன்தான், அவனே அழைத்து வரட்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் அவன் இங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் நீ இந்த நாட்டில் இருக்க வேண்டாம்" என்றார் ராஜா.

வெண்காடன் இரவெல்லாம் யோசித்துப் பார்த்தான். இல்லாத ஆளை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனான். அப்போதுதான் ஆப்பம் பரிமாறியிருந்தார்கள். பெருநம்பியின் மகன்கள் இருவர் இலையிலும் பதினொன்று பதினொன்றாகக் குவிந்திருந்தது. மற்ற நால்வருக்கும் இரண்டிரண்டுதான். ஐந்து ஆப்பம் யாருக்கு என்று கேட்டான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழி தெரியாமல், பெருநம்பி சொன்னதையும் ராஜாவின் கட்டளையையும் அவர்களிடமே சொல்லிவிட்டான்.

பூக்கட்டுபவரின் மகள் வடிவு, எட்டு வயதுக்காரி, கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படி ஒரு ஆளு இல்ல மாமா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா எத்தன வருமோ, அதத்தான் சொல்லிருக்காரு. நாங்க வேணா செஞ்சு காட்டுறோம்."

உயரமான குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக் குட்டையான குவியலில் வைத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெருநம்பியின் இளைய மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூத்தவனோ தானே எடுத்துக் கொடுத்தான். தினமும் வயிற்று வலியால் தவித்தவன் அவன். குவியல்கள் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்ததும் எண்ணினார்கள். ஆறு இலையிலும் ஐந்தைந்து.

வெண்காடன் அவர்களை இலையும் கையுமாகச் சபைக்கு நடத்திப் போனான்.

"இவர்களில் சராசரிப் பிள்ளை யார்?" என்றார் ராஜா.

"ஆறு பேருமே, அரசே. நேற்றுவரை ஒருவர்கூட இல்லை. இன்று காலைதான் உண்டானார்கள்."

அப்படியென்றால் நேற்று யார் எத்தனை தின்றார்கள் என்று ராஜா வடிவிடம் கேட்டார். அவள் விரல்விட்டுச் சொன்னாள். நான்கு பிள்ளைகளின் ஒட்டிய கன்னங்களை ராஜா அப்போதுதான் கவனித்தார். பெருநம்பி தரையைப் பார்த்தார்.

இனி பிள்ளைகளே தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளட்டும் என்று ராஜா உத்தரவிட்டார். பிறகு மீசை துடிக்க, "வெண்காடனுக்கும் பெருநம்பிக்கும் இன்று என் விருந்து. சராசரியாக ஆளுக்கு ஐந்து ஆப்பம்" என்றார்.

இரண்டு இலைகள் விரிந்தன. வெண்காடன் இலையில் பத்து ஆப்பம். பெருநம்பி இலையில் தண்ணீர் தெளித்ததோடு சரி. ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார்.

வெண்காடன் ஆசையாகக் கையை நீட்டினான். எதிரே வடிவு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமூச்சு விட்டு, நான்கு ஆப்பங்களை எடுத்துப் பெருநம்பியின் இலையில் வைத்தான்.

"இன்னும் ஒண்ணு மாமா" என்றாள் வடிவு.