பாடாத கிண்ணம்

படிகக் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்று ஜமீன்தாருக்கு ஏகப் பெருமை. தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரத்தில் மூன்று மாதம் தேய்த்துப் பூ வெட்டிய கிண்ணத்தைச் செங்கமலம் சபையில் நீட்டினாள். ஜமீன்தார் அதை மோதிரக் கையால் இறுக்கிப் பிடித்துச் சுண்டினார். ‘டொக்’ என்றது.

“அசல் படிகம் மணிபோலப் பாடும். இது போலி! இவள் சாணையை உடைத்துப் போடுங்கள்!”

செங்கமலம் கும்பிட்டாள். “உடைக்கட்டும் எஜமான். அதுக்கு முன்னால, கச்சேரிக்கு வந்திருக்கிற நம்ம பாகவதர் தொண்டையையும் இதே மாதிரி பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க.”

ஜமீன்தாரின் பிடி தளர்ந்தது. அவள் கிண்ணத்தை வாங்கி, அடியை மட்டும் விரல்நுனியில் ஏந்திச் சுண்டினாள். கணீரென்று சபையே அதிர்ந்தது.

அந்த நாதம் அடங்கிய பிறகும் பாகவதர் தன் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.