சிவப்பு ஏர் ஃபில்டர்

"இன்ஜின் என்னை ஏமாத்திருச்சுங்க, மேடம்."

ஞானசிகாமணி இதைச் சொன்னபோது நஸீமா ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டியவர். இப்போது மேட்டுப்பாளையத்தில் தன் பட்டறையிலேயே, சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார். சிகாமணி தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட இருபது வயதாவது மூத்த மாணவர்.

"என்ன பண்ணுச்சு?"

"சத்தம் வந்துச்சு. இழுவை வரலை."

நஸீமா போல்ட்டைக் கீழே வைத்தார்.

சிகாமணி நடந்ததைச் சொன்னார். மனைவி எமிலி குன்னூரில் நர்ஸ். தினமும் காலையில் அவளைக் காரில் மலையேற்றி விடுவது இவர் பொறுப்பு. மேட்டில் வண்டி மூச்சு வாங்குவதுபோல் இவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வண்டியோடு வந்த காகித ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்றை அதிகம் உள்ளே விடுமென்று யாரோ சொன்ன சிவப்பு ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் உறுமியது. வளைவுக்கு வளைவு அவருக்கு வயது குறைந்தது.

போன வாரம் ஒரு லாரியை முந்தப் போனார். உறுமல் வந்தது. வண்டி போகவில்லை. எதிரே பஸ். பஸ் டிரைவர் பாறையோரமாக ஒடித்து நிறுத்தியதால் பிழைத்தார்கள்.

எமிலி கத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "நாளையிலிருந்து நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

"அன்னிக்கு மட்டும் ஏன் இழுக்கலைங்க?"

நஸீமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து நீட்டினார்.

"ரெண்டு காதுலயும் வைங்க."

பட்டறைக்குப் பின்னால் ஒரு மேட்டுச் சாலை. ஆள் நடமாட்டம் இல்லாதது. நஸீமா பக்கத்தில் உட்கார்ந்து கைகாட்ட, சிகாமணி அந்த மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கினார்.

நஸீமா பானட்டைத் திறந்து சிவப்பு ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதுக் காகித ஃபில்டரை மாட்டினார். மறுபடியும் அதே மேடு. காதில் அதே பஞ்சு.

திரும்பி வந்து பஞ்சை எடுத்ததும் நஸீமா கேட்டார்.

"எது நல்லா இழுத்துச்சு?"

சிகாமணி அந்த மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"ம்."

"அப்ப இத்தனை நாளா இருந்த இழுவை எங்கங்க போச்சு?"

நஸீமா அவர் உள்ளங்கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். சிகாமணியும் பார்த்தார்.

பிறகு நஸீமா ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றினார். ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விட்டுத் துடைத்து எடுத்தார். துணி செம்மண் நிறமாகியிருந்தது. சிகாமணி தொட்டுப் பார்த்தார். நறநறத்தது.

"காத்து நிறைய வேணும்னீங்க. வந்திருக்கு. தனியா வரலை."

திங்கட்கிழமை எமிலி பஸ்ஸில் போனாள். சிகாமணி காலி வண்டியை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே குன்னூர்வரை ஏறினார். முந்தவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக எமிலி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அந்த வாரக் கடைசியில் தானாகவே கார்க் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு யாரை முந்தறதா உத்தேசம்?"

"யாரையும் இல்ல."

எமிலி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சிகாமணி எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்கு வந்துவிட்டார்.

"மேடம், இன்னும் ஒரு சந்தேகம். அந்தச் சிவப்பு ஃபில்டர் மோசமானதா?"

"அப்படிச் சொல்ல முடியாது. நாங்க பந்தயத்துல அந்த மாதிரிதான் போடுவோம். ஒவ்வொரு பந்தயம் முடிஞ்சதும் இன்ஜினைப் பிரிச்சுப் பார்ப்போம். நீங்க பிரிப்பீங்களா?"

"இல்லைங்க."

சிகாமணி விடவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு யோசித்துக்கொண்டு வந்தவர் அவர்.

"ஆனா ஃபில்டரோட வேலையே காத்தை உள்ள விடறதுதானேங்க?"

நஸீமா சிரித்தார்.

"அதுக்கு ஓட்டையே போதுமேங்க, சார்."