பதிமூணு கம்பி பிளக்கும் ஒரு செருப்பு ஸ்டேண்டும்

திருமூர்த்தி பொய் சொல்ற ஆளு இல்லீங்க. நெசத்தைக் கொஞ்சம் இழுத்து வெச்சுப் பேசுவான், அவ்வளவுதான். அந்த ஞாயித்துக்கெழமை காலைல பதினோரு மணிக்கு, கணபதி ஏரியாவுல இருக்கற ரங்கராசு பேக்கரியில தேங்கா பன்னைக் கையில வெச்சுக்கிட்டு அவன் இழுத்த இழுப்பு இருக்கே, கேட்டவங்களுக்கு டீ ஆறிப்போச்சு.

விசயம் இதுதான். வீட்டுல கெடந்த மரப் பீரோவை அறுத்து, உள்ள ஒரு பழைய டிவியை வெச்சு, பெரிய கடைகள்ல காசு போட்டு விளையாடுவாங்களே, அந்த மாதிரி ஒரு கேம் மெஷினை ஹால்ல நிறுத்தியிருந்தான். நாலு மாசமாச்சு, ஓடின பாடில்லை. அவன் சம்சாரம் கோகிலவாணி தீர்ப்பே சொல்லிட்டா: "இன்னைக்கு மத்தியானம் சோறு திங்கறதுக்குள்ள அது ஓடோணும். இல்லீன்னா இனிமே அது செருப்பு ஸ்டேண்டு." திருமூர்த்தி நேரா பேக்கரிக்கு வந்துட்டான். பயம் வந்துட்டா அவனுக்கு வாய் தானா தொறந்துக்கும்.

"மூணு பலகை செஞ்சிருக்கேனுங்கண்ணா. ஒண்ணுல சண்டை போட பட்டன், ஒண்ணுல கார் ஓட்ட ஸ்டியரிங், ஒண்ணுல உருட்டி ஆடப் பந்து. கேமுக்குத் தகுந்தாப்பல பலகையை மாத்திக்கலாம். மத்தவன் மாத்தோணும்னா ஸ்குரூ கழட்டி, ஒயரைத் தேடி, அரை நாள் போயிரும். நம்முளுது ஒரே பிளக்கு. பதிமூணு கம்பி. புடுங்கு, சொருகு!"

"அதுக்கு எத்தனை நேரம்?"னாரு நாச்சிமுத்தண்ணன். மோட்டாருக்கு காயில் கட்டுறவரு. லேசுல எதையும் நம்பமாட்டாரு.

"நேரமா? நேத்து டிவிக்குள்ள ஒரு சண்டைக்காரன் குத்தறதுக்குக் கையை ஓங்குனான். ஓங்குன கை எறங்கறதுக்குள்ள ஸ்டியரிங் பலகையைச் சொருகிட்டேன். பாவம், ஹாரன் அடிச்சுட்டு நிக்கறானுங்க!"

"அளக்காதப்பா."

"அளக்கறனா? அதே பிளக்கை மிக்ஸியில சொருகுனேன். உதை பட்டனுக்குக் கெட்டிச் சட்னி, குதி பட்டனுக்கு இட்லி மாவு."

கல்லாவுல இருந்த ரங்கராசு எட்டிப் பார்த்தான். "இட்லி மாவு கிரைண்டர்ல அல்லோ ஆட்டுவாங்க?"

"அதைத்தானே சொல்றேன்! சொருகுனது மிக்ஸியில, சுத்துனது கிரைண்டரு!"

பேக்கரியே சிரிச்சுது. சிரிப்பைக் கேட்டா திருமூர்த்திக்குப் பிரேக் புடிக்காது. ஸ்டியரிங் பலகையைச் சிறுவாணித் தண்ணிக் குழாயில மாட்டி ஒரு ஒடி ஒடிச்சானாம். எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி அவங்க வீதிக்குள்ள திரும்பிருச்சாம். "இன்னொரு ஒடி ஒடிச்சிருந்தா மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும். நான் ஒடிக்கலீங்க."

"அப்பறம் பந்துப் பலகை?"ன்னான் ரங்கராசு.

"அதை மொட்டை மாடியில டிஷ் ஆன்டெனால சொருகி உருட்டுனேன். வாளையாறு பக்கம் போயிட்டிருந்த மேகம் அப்படியே இங்க உருண்டு வந்துருச்சு. புதங்கெழமை மழை யாரு பெய்ய வெச்சதுன்னு நெனைச்சீங்க?"

நாச்சிமுத்தண்ணன் டம்ளரைக் கீழ வெச்சாரு. "புதங்கெழமை எங்க வீட்டுல காயப்போட்ட துணி அத்தனையும் நனைஞ்சு போச்சு. நீதானா அது? வா, அந்தப் பிளக்கைக் கண்ணுல பார்த்துரலாம்."

திருமூர்த்தி பாதி பன்னை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சான். கடைசிக் கம்பியைப் பத்த வெச்சது அன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்குத்தான். மழையையே பெய்ய வெச்சவன், சுவிட்சை மட்டும் ஒருக்காகூடப் போட்டுப் பார்க்கலை.

வீட்டுல கோகிலவாணி நாலு ஜோடி செருப்பைத் தொடைச்சு ரெடியா வெச்சிருந்தா. திருமூர்த்தி மனசுக்குள்ள மருதமலை முருகனைக் கும்பிட்டுட்டு சண்டைப் பலகையைச் சொருகுனான். டக்குனு டிவியில வெளிச்சம் வந்துது, சண்டைக்காரனும் வந்தான். "பார்த்தீங்களா!"ன்னு கத்திக்கிட்டே கைப்புடியை வலப்பக்கம் தள்ளுனான். சண்டைக்காரன் இடப்பக்கம் போனான். குதி பட்டனை அமுத்துனா குந்துனான். தடுக்கச் சொன்னா அடிக்கறான், அடிக்கச் சொன்னா தடுத்துட்டு நிக்கறான். அரை நிமிசத்துல செத்தும் போனான்.

நாச்சிமுத்தண்ணன் பின்னால குனிஞ்சு பார்த்தாரு. "மெஷின் பக்கத்துப் பிளக்கை முன்னால இருந்து எண்ணியிருக்கே. பலகைப் பக்கத்துதைப் பின்னால இருந்து எண்ணியிருக்கே. ஒண்ணாவது கம்பி பதிமூணாவது கம்பியைப் போய்த் தொடுது. எல்லா பட்டனுக்கும் பொதுவான நடுக்கம்பி ஒண்ணுதான் சரியா இருக்குது, அதனாலதான் இந்தளவுக்காவது ஓடுது. மூணு பலகையும் இப்படியேவா?"

"மூணும்தானுங்கண்ணா. தப்புலயும் நமக்கு ஒரு ஒழுங்கு உண்டு," அப்படீன்னான் திருமூர்த்தி. சிரிக்கத்தான் பார்த்தான், காதெல்லாம் சுட்டுது. நாலு மாசம் இதுக்கா குனிஞ்சு உக்காந்தோம்னு இருந்துச்சு. அவனே போய் ஒரு ஜோடி செருப்பைக் கையில எடுத்தான்.

"சித்த நகருங்க," அப்படீன்னா கோகிலவாணி. முந்தானையில கையைத் தொடைச்சுட்டுப் பலகை முன்னால நின்னா. மொதல் ஆளு விழுந்தான். ரெண்டாவது ஆளு விழுந்தான். மூணாவதா வந்த தடியன் அவ கிட்ட வர்றதுக்கே பயந்தான்.

திருமூர்த்தி செருப்பும் கையுமா நின்னான். "அப்ப... ஸ்டேண்டு?"

"பெட்டி இங்கயே இருக்கட்டும். ஒயரை மட்டும் சரி பண்ணிப்போடாதீங்க."

நாச்சிமுத்தண்ணனுக்குத் தாங்கலை. "எல்லாமே தலைகீழா இருக்குதே, எப்படீம்மா ஆடறே?"

அவ டிவியிலிருந்து கண்ணை எடுக்கலை. "இதென்னங்கண்ணா பெரிய வித்தை? பதினெட்டு வருசமா இவரு சொல்றதுக்கு நேர்மாறாச் செஞ்சுதானே குடித்தனத்தை ஓட்டறேன்."