அரண்மனைக்கு வந்த விடுதி இலை

பொன்னிறைக்கோட்டையை ஆண்ட கீர்த்திவளவர் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒரு கல்விச்சாலை கட்டியிருந்தார். வெளியூர்ப் பிள்ளைகள் தங்க விடுதி, சாப்பிடப் பெரிய கூடம், சாயங்காலம் விளையாட மைதானம், எல்லாம் உண்டு. விடுதிக்கு அதிகாரி வீரமல்லன். அவன் ராணியின் அண்ணன். அந்த வேலைக்கு அவனிடம் இருந்த தகுதியும் அதுதான்.

ஒருநாள் மாணவர்களுக்கும் அரண்மனைக் காவலர்களுக்கும் சடுகுடுப் போட்டி நடந்தது. அரசர் பார்க்க வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய விகடகவி ஆவுடையான். மாணவர் பக்கத்திலிருந்து அம்பலவாணன் என்ற பையன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். எதிரி யாரும் தொடவில்லை. தானாகவே குப்புற விழுந்தான். அவனைத் தூக்கப் போனான் இன்னொரு மாணவன். அவனும் விழுந்தான்.

அரண்மனை மருத்துவர் ஓடிவந்து நாடி பார்த்தார்.

"என்ன நோய்?" என்றார் அரசர்.

"நோய் இல்லை அரசே. பசி."

அரசரின் முகம் சிறுத்துவிட்டது. வீரமல்லன் பக்கம் திரும்பினார். "மைத்துனரே, பிள்ளைகளுக்கு என்னதான் போடுகிறீர்?"

"தாங்கள் உண்பதைத்தான் அரசே! அரண்மனைக்கு வருகிற அதே அரிசி, அதே நெய்தான் விடுதிக்கும் வருகிறது."

வந்தது என்னவோ உண்மை. ஆனால் வந்தது அங்கே தங்குவதில்லை. வந்த வண்டியிலேயே ஏறி வீரமல்லன் வீட்டுக்குப் போய்விடும். இது ஊருக்கே தெரியும். ராணிக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை. யாரும் என்றால், அரசரும் சேர்த்துத்தான்.

அன்றைக்கே அவர் ஆவுடையானைத் தனியாக அழைத்தார்.

"விடுதிச் சாப்பாடு திருந்த வேண்டும். ஆனால் வீரமல்லனை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது. ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூடாது. சொன்னால் ராணி பிறந்தகத்துக்குப் பல்லக்கு கட்டச் சொல்லிவிடுவாள். கருவூலத்திலிருந்து கூடுதலாக எதுவும் தரமாட்டேன். தந்தால் அதுவும் அவன் வீட்டுக்குத்தான் போகும்."

"வேறு ஏதாவது உண்டா அரசே?"

"உண்டு. உன்னால் முடியாவிட்டால் இனி நீ அவைக்கு வர வேண்டாம்."

ஆவுடையான் மறுநாள் விடுதிக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தான். பக்கத்து இலையில் அம்பலவாணன். இலையில் களி விழுந்தது. தொன்னையில் ரசம் வந்தது.

"ஆட்டாமல் பிடியுங்கள் ஐயா, கூரை தெரியும்" என்றான் பையன்.

ஆவுடையான் பார்த்தான். தெரிந்தது. கூரையில் ஒரு பல்லியும் தெரிந்தது.

"இப்படி இருந்தும் ஏனப்பா ஊருக்குப் போகாமல் இருக்கிறாய்?"

"இலக்கணம் பாதியில் நிற்கிறது ஐயா. அதை முடித்துவிட்டு ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்."

ஊரையே சிரிக்கவைப்பவனுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அடுத்த நாள் அவை கூடியதும் ஆவுடையான் கைகட்டி நின்றான். "அரசே, விடுதி அதிகாரியைப் பாராட்ட வந்திருக்கிறேன்."

வீரமல்லன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அரசர் உண்பதையே மாணவர்களும் உண்கிறார்கள் என்றார் அதிகாரி. எந்த நாட்டில் உண்டு இந்தப் பெருமை? இதை உலகம் அறிய வேண்டாமா? இன்று முதல் தினமும் விடுதியில் பரிமாறி முடித்ததும் நான் போய் ஏதாவது ஓர் இலையை எடுத்து வருகிறேன். அதை அரசர் உண்ணட்டும். இலையைக் கொடுத்த மாணவன் இங்கே வந்து அரசருடைய சாப்பாட்டை உண்ணட்டும். இரண்டும் ஒன்றுதானே? யாருக்கும் நட்டமில்லை."

அவை முழுவதும் வீரமல்லனைப் பார்த்தது. சரி என்றால் வம்பு. கூடாது என்றால் சொன்னது பொய்யாகிவிடும்.

"மிக்க மகிழ்ச்சி" என்றான்.

ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அன்று மத்தியானம் வாசலை ஒட்டிய முதல் இலையில் மட்டும் நெய்ச்சோறு, அவியல், பருப்பு, பாயசம் என்று அடுக்கி வைத்தான். மற்ற இலைகளில் வழக்கமான களி.

ஆவுடையான் வந்தான். முதல் இலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அதற்கு அடுத்த இலையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். அது அம்பலவாணனுடைய இலை.

அரண்மனையில் அரசர் இலையைப் பார்த்தார். களியைப் பார்த்தார். தண்ணீராய் ஓடிய குழம்பைக் கையால் அணைகட்டினார். வீரமல்லன் எதிரே நின்று வேர்த்துக்கொண்டிருந்தான். அரசர் ஒரு துளி விடாமல் சாப்பிட்டார். பக்கத்து அறையில் அம்பலவாணன் மூன்றாம் முறையாகச் சோறு கேட்கும் சத்தம் மட்டும் வந்தது.

கை கழுவிக்கொண்டு அரசர் சொன்னார்: "நாளைக்கும் வரட்டும்."

எந்த இலை அரசருக்குப் போகும் என்று வீரமல்லனுக்குத் தெரியாது. அதனால் மறுநாளிலிருந்து எல்லா இலையும் அரசர் இலை ஆயிற்று. விடுதிக்கு வந்த வண்டிகள் அங்கேயே சுமை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பின. தன் அண்ணன் சமையலை ஊரே புகழ்கிறது என்று ராணிக்கு ஒரே பூரிப்பு. தன் வருத்தத்தை வீரமல்லனால் தங்கையிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து அரசர் ஆவுடையானைக் கூப்பிட்டார். "அரண்மனைச் சமையல் இப்போதெல்லாம் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது. விடுதி இலைக்காகத்தான் காத்திருக்கிறேன். உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள். ஒரு கிராமம் தரட்டுமா?"

"கிராமம் வேண்டாம் அரசே. விடுதியில் எனக்கு ஓர் அறை வேண்டும்."

"அது மாணவர்களுக்கு அல்லவா? இந்த வயதில் நீ என்ன படிக்கப்போகிறாய்?"

ஆவுடையான் வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எதுவானாலும் சரி, அரசே."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அறையும் கொடுத்தார், கிராமமும் கொடுத்தார்.