அலுமினியப் படகின் பின்பலகை

ஏரி நடுவில் ஒரு திட்டு. அதில் நாலு குடிசை, ஒரு கிணறு, ஒரு சின்ன அலுமினியப் படகு. மார்கழியில் மூடுபனி இறங்கிவிட்டால் தண்ணீர் எது, வானம் எது என்று சொல்ல முடியாது. நாரைகள் அந்தரத்தில் நிற்கும். எதிர்க்கரை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

தில்லைவிடங்கனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அறுபது வயதில் இங்கே வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான குழல்மொழி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். காவி வாங்குகிறவர் வீட்டார் சம்மதத்தோடு வர வேண்டும் என்பது அந்த இடத்து வழக்கம். "எனக்குன்னு யாரும் இல்லை" என்று ஒரே போடாகப் போட்டார் மனுஷர். அதற்குமேல் யார் என்ன கேட்பது? மூன்று வருஷம் ஓடியது. வரும் தைப்பூசத்தில் காவி என்று நாளும் குறித்தாயிற்று.

அந்தச் சமயம் பார்த்து மீன்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்து அம்மையிடம் கொடுத்தார். அனுப்பியவர் பெயர்: பங்கஜவல்லி தில்லைவிடங்கன்.

அம்மை பிரிக்காமல் தில்லைவிடங்கனிடம் நீட்டினார். படித்தவர் முகம் வெளிறிப்போயிற்று.

"வீட்டுக்காரம்மாவா?"

"ஆமாம்மா." அதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "வெள்ளிக்கிழமை எதிர்க்கரைக்கு வர்றாளாம். நான் வர்ற வரைக்கும் நிப்பாளாம்."

"போய்ப் பாருங்க."

"படகு ஆகாதும்மா. மோட்டார் மாட்டுற பின்பலகை அழுகிப்போச்சு."

அது பொய்யில்லை. வெளித்தகடு பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே இருந்த மரம் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் குடித்தே ஊறிப்போயிருந்தது. மீன்காரர் தோணியில் ஏறிக்கொள்ளலாமே என்று அம்மை கேட்கவில்லை. தில்லைவிடங்கனுக்கு உள்ளூர நிம்மதி.

"அப்போ பலகையை மாத்துங்க. இன்னும் நாலு நாள் இருக்கே."

போயிற்று நிம்மதி.

மோட்டாரைக் கழற்றினார். மேல்தகட்டை நெம்பினார். பலகை மூன்று துண்டாகப் பிய்ந்து வந்தது. அந்த நாற்றம் பொறுக்காமல் கையோடு கொண்டுபோய் அடுப்பில் திணித்தார். பிறகு டேப்பை நீட்டி அளந்து, புதுப் பிளைவுட்டை அறுத்தார். மேலே கச்சிதமாக இருந்தது. கீழே இறங்கமாட்டேன் என்றது. தகடுகளுக்கு நடுவே எங்கோ ஒரு வளைவு. கணக்கு வாத்தியாரின் டேப்புக்கு அது அகப்படவே இல்லை.

அம்மை வந்து பார்த்தார்.

"பழைய பலகை எங்கே?"

"அடுப்புல போட்டுட்டேன். அழுகினதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அளவெடுக்கிறது."

அவர் அடுப்பங்கரைக்கு ஓடினார். ஈர மரம் என்பதால் பாதிதான் கரியாகியிருந்தது. தண்ணீர் தெளித்து, துண்டுகளைப் புதுப் பலகைமேல் ஒட்டவைத்துப் பரப்பினார். புகையும் பனியும் ஒன்றாகிக் குடிசைகளுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பென்சில் விளிம்பைச் சுற்றி ஓடியது. கரியான மூலைக்கு வந்ததும் நின்றது.

"இங்கே எப்படி இருந்துச்சும்மா?"

"கழட்டினது நீங்கதானே."

அவர் கண்ணை மூடி, பிய்த்தெடுத்தபோது அந்த மூலை இருந்த வளைவை நினைவில் தேடினார். பென்சில் மறுபடி நகர்ந்தபோது வாயும் திறந்தது.

"சண்டைகூட இல்லைம்மா. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில எழுந்து வந்துட்டேன். அவ ரசம் எடுத்துவர உள்ளே போயிருந்தா." பென்சில் கரியான மூலையைத் தாண்டியது. "வெட்கமா இருக்கு."

அம்மை பலகை நகராமல் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை பலகை இறங்கியது. வெளியே எடுத்து, விளிம்புக்கும் போல்ட் ஓட்டைகளுக்கும் வார்னிஷ் குடிக்கக் குடிக்கப் பூசி, இரண்டு நாள் காயவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மோட்டார் ஆடாமல் உட்கார்ந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு பஸ் ஹார்ன் மட்டும் கேட்டது.

தில்லைவிடங்கன் படகில் ஏறி உட்கார்ந்தார்.

"அவகிட்ட சம்மதம் கேக்கட்டுமாம்மா?"

"கேளுங்க."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

அம்மை குனிந்து கட்டுக்கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டார்.

"மீன்காரர்கிட்ட படகை மட்டும் கொடுத்து அனுப்புங்க."